தீபன் அட்டெண்டர் வரவும்

இதுதான் வழி கண்ணு. ஆமா, இதே வாசல்தான். கீழ எறங்கினா மெட்ரோ. எங்க போற நீ? தம்பி வர்றானா? அப்ப நீ ஏன் எறங்கற, அவன் தானா மேல வருவான். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாரும் இந்த வாசல் வழியாத்தான் வரணும். உக்காரு. கையில என்னா, ஸ்கேன் ஃபைலா? உங்கம்மாவா உள்ள? ஒண்ணும் ஆகாது, போ. ஸ்கேன் எழுதிட்டாங்கன்னு பயப்படாத, இங்க தலைவலின்னு போனாலும் ஸ்கேன்தான். உக்காரு, இந்த ரோட்லயே நிழல் இங்க மட்டுந்தான்.

நானும் ஒருத்திக்காகத்தான் உக்காந்திருக்கேன். ஜெகதான்னு பேரு. ஆம்பூர்லருந்து வர்றா. காலையில ரயிலேறி, பெரிய ஸ்டேஷன்ல எறங்கி, அங்கருந்து மெட்ரோ. இப்ப வந்துடுவா. மூணு மணிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காலேஜ் கட்டடத்துல, ஒரு விசாரணை. நான் சாட்சி. ஐயோ, போலீஸ் கேசெல்லாம் இல்ல, ஒரு நர்ஸ் மேல மனு. சொல்றேன். உன் தம்பி வர்ற வரைக்கும் கேளு. யார்கிட்டயாவது ஒரு தடவ சொல்லிப் பாத்தாத்தான் அங்க போய் உளறாம இருப்பேன்.

எம்பேரு பாக்கியம். பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல். நூத்திப் பதினெட்டுப் பிள்ளைங்க. எதுக்கு முட்டை ஆகாது, எது சாம்பாரைக் கொட்டிட்டு ஓடும், எல்லாம் தலைக்குள்ள இருக்கு. பேரு ஒரு தடவ கேட்டா மறக்க மாட்டேன். காதும் அப்படித்தான். உலைமூடி சத்தத்தை வெச்சே அரிசி வெந்துச்சா இல்லையான்னு சொல்லுவேன். என் வீட்டுக்காரருக்கு கிட்னி. செவ்வாயும் வெள்ளியும் இங்க கூட்டியாந்து டயாலிசிஸ்ல விட்டா நாலு மணி நேரம். இன்னிக்கும் உள்ளதான் இருக்காரு.

மே மாசம் அவருக்கு மூச்சு முட்டிப் போச்சு. பத்தொம்பது நாளு ஐசியூ. அந்த ஐசியூ ஹால் நீ பாத்ததில்லல்ல? பாக்கவே வேணாம். எழுவது எம்பது பேரு தரையில. மேல ஒன்பது ஃபேன், ஓடறது நாலு. உள்ள யாரையும் விட மாட்டாங்க. தூண்ல ஒரு ஸ்பீக்கர் பொட்டி. உள்ளருந்து சிஸ்டர் மொதல்ல மைக்கை ரெண்டு தட்டு தட்டும், டொக் டொக்குன்னு. அவ்ளோதான், சோறு மெல்றவங்க மெல்றதை நிறுத்திடுவாங்க. சண்டை போடறவங்க வாயை மூடிடுவாங்க. அப்புறம் பேரு வரும். இன்னார் அட்டெண்டர் வரவும்னு. நம்ம பேரு இல்லன்னா ஒரு மூச்சு. பாவம்தான், அடுத்தவங்க பேருன்னா நமக்கு நிம்மதி. அங்க எல்லாரும் அப்படித்தான்.

அதனால யாரும் அந்தப் பொட்டிய விட்டு நகர மாட்டாங்க. கக்கூஸ் போகணும்னாகூட பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காது குடுத்துட்டுத்தான் போவாங்க. ஆமா, அப்படித்தான் சொல்றது. "அக்கா, கொஞ்சம் காது வெச்சுக்கோங்க, பேரு தீபன்"னு சொல்லணும். இவங்க "தீபன்"னு திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொன்னாத்தான் வாங்கிக்கிட்டதா அர்த்தம். அப்புறம்தான் போவாங்க. ஒருத்தருக்கு ரெண்டு பேரோட காதுக்கு மேல தாங்காது. நான் ஒரே நேரத்துல அஞ்சு பேரோட காதை வெச்சிருந்திருக்கேன். ஹால்ல எல்லாரும் என்கிட்டதான் குடுப்பாங்க. பாக்கியம்மா கிட்ட குடுத்தா நிம்மதியா குளிச்சுட்டு வரலாம்பாங்க.

இந்தக் குழி இருக்கே, இந்தக் குழியால வந்ததுதான் அத்தனையும். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன். அஞ்சு வருஷம் தகரத்தை அடிச்சு, பஸ்ஸை சுத்தி விட்டு, கொடைஞ்சு கொடைஞ்சு, ஆஸ்பத்திரிக்கும் யுனிவர்சிட்டிக்கும் சேத்து ஒரே ஸ்டேஷன்னு ஒண்ணைத் தொறந்தாங்க. நாங்க ஹால்ல கெடந்தப்பதான் தொறந்தது. யாரு கேட்டா?

ஜெகதா எனக்குப் பக்கத்துப் பாய். ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிறவ. புருஷன் எங்கயோ போயிட்டான். ஒரே புள்ள, தீபன். பத்தொம்பது வயசு, பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். பைக் மணல்ல சறுக்கித் தலையில அடி. நெனவே இல்ல. பெரிய டாக்டர் அவகிட்ட என்னா சொன்னாருன்னா, "எப்ப வேணாலும் கண்ணைத் தொறக்கலாம்மா, தொறந்தா உடனே கூப்பிடுவோம், அம்மா குரலு கேட்டா அவனுக்கு நல்லது, பக்கத்துலயே இருங்க"ன்னாரு. பக்கத்துலயே இருன்னு சொன்னதுதான், ஒன்பது நாளு அவ அந்தத் தூணை விட்டு நகரல. யாருக்கும் காது குடுக்க மாட்டா. கக்கூசுக்கே ஓடிப் போயி ஓடி வருவா. உக்காந்தே தூங்குவா. கால் ரெண்டும் பூரி மாதிரி உப்பிப்போச்சு.

எனக்குப் பாக்கப் பொறுக்கல. நல்லதுக்குத்தான் சொன்னேன் கண்ணு, சாமி சத்தியமா நல்லதுக்குத்தான். ஒன்பதாம் நாளு காலையில, "அடியே, கீழ ஸ்டேஷன்ல போய் ஒரு மணி நேரம் படுத்துட்டு வாடி, ஏசி ஜில்லுனு இருக்கும், டிக்கெட்டு வாங்கற எடம் வரைக்கும் காசில்ல, செவுத்தோரமா பெஞ்சி இருக்கு, யாரும் கேக்க மாட்டாங்க"ன்னேன். "நீங்க போயிருக்கீங்களாக்கா?"ன்னா. "தெனம் போறேன், அந்த ஓடற படியில சும்மா நின்னாப் போதும், அதுவே எறக்கி விட்டுடும்"னேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் கேட்டுட்டிருந்தாங்க. நாலு பொம்பளைங்க, "ஓடற படியா, எப்படி காலை வெக்கணும்?"னு கேட்டாங்க. எழுந்து நின்னே காட்டினேன். வலது காலை இப்படி வெச்சு, கையை இப்படி புடிச்சு.

அவ யோசிச்சா. யோசிச்சு, "அப்ப காது வெச்சுக்கறீங்களாக்கா? பேரு தீபன்"ன்னா. ஒன்பது நாள்ல மொதத் தடவ. "தீபன்"ன்னேன். போனை என்கிட்ட சார்ஜில போட்டுட்டு, பையைத் தூக்கிட்டுப் போனா. போகும்போது ரெண்டு தடவ திரும்பிப் பாத்தா. நான் கையை ஆட்டினேன், போடின்னு.

போய் ஒரு மணி நேரத்துக்குள்ள மைக். புள்ள கண்ணைத் தொறந்துட்டான். நான் ஓடினேன். ஓடி அவளை எழுப்பி, அவ மேல ஓடி, போய்ச் சேர்றதுக்குள்ள அவன் மறுபடி கண்ணை மூடிட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு. கொள்ளையில போற விதி. வேற என்னா சொல்றது?

இரு. டொக் டொக். கேட்டியா? அதோ, ஆஸ்பத்திரி கேட்டுச் செவுத்துக்கு மேல குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு கட்டியிருக்காங்க பாரு, வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்கட்டும்னு. யாரோ சுலைகா பீவி. உங்கம்மா இல்லல்ல? எனக்கும் இல்ல. ஆனா பாரு, நாலு மாசமாச்சு, டொக்குன்னா நான் இன்னும் பாதிப் பேச்சுல நிறுத்திடறேன்.

எங்க விட்டேன்? நர்சு. ஜெகதா உள்ள போனப்ப அந்த பெனிட்டா சிஸ்டர் இருக்கே, அது கத்திடுச்சு. "மூணு தடவ கூப்ட்டேன், முக்கா மணி நேரமா எங்கம்மா போனீங்க? அம்மா அம்மான்னு உதட்டை அசைச்சான், நான்தான் கையைப் புடிச்சிட்டு நின்னேன்"னு அழுதுச்சாம். சின்னப் பொண்ணு, நாகர்கோயில் பக்கம். வாய் கொஞ்சம் ஜாஸ்தி அதுக்கு. ஒரு நாளு ஜன்னல்ல பாவாடை காயப் போட்டேன்னு என்னை எல்லார் முன்னாலயும் ஒரு ஏறு ஏறுச்சு. அது வேற கதை.

ஜெகதா வெளிய வந்தா. நேரா என்கிட்ட வந்தா. ஹாலே பாக்குது. "அக்கா, எத்தனை தடவ கூப்ட்டாங்க?"ன்னா.

"ஒரு தடவதான்டி"ன்னேன். "கூப்ட்ட உடனே ஓடியாந்தேன்."

அவ்ளோதான். அவ திரும்பி ஐசியூ கதவை அறைஞ்சா பாரு. "எம்புள்ள முக்கா மணி நேரம் அம்மா அம்மான்னு கேட்டிருக்கான், நீ கடைசியிலதான் கூப்ட்டிருக்க, இப்ப மூணு தடவன்னு பொய் சொல்றியா"ன்னு அந்தப் பொண்ணைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டா. காரியம் முடிஞ்சதும் மனு எழுதினா. சாட்சின்னு என் பேரு போட்டா. கையெழுத்து கேட்டா, போட்டேன். செத்த புள்ளையோட அம்மா கேக்கறா, போட மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட் நர்சு. விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வராதன்னு நிறுத்திட்டாங்க. இன்னிக்கு விசாரணை. அன்னிக்கு ஹால்ல இருந்த எழுவது பேரும், பொழைச்சவங்க பொழைச்சு, போனவங்க போயி, ஊர் ஊரா கலைஞ்சுட்டாங்க. யாரு பேரு, யாரு வெலாசம், எவனுக்குத் தெரியும்? மிச்சம் நான் ஒருத்திதான்.

என்னா கேட்ட? எத்தனை தடவன்னா? என்னாது நீயும் ஆபீசர் மாதிரி கேக்கற. சொன்னேன்ல.

கோவிச்சுக்காத கண்ணு, உக்காரு. உன் தம்பி இன்னும் வரல.

போன வெள்ளிக்கெழமை அந்தப் பொண்ணு டயாலிசிஸ் வாசல்ல என்னைப் புடிச்சுது. யூனிஃபார்ம் இல்லாம சுடிதார்ல வந்துச்சா, அடையாளமே தெரியல. சண்டை போடும்னு பாத்தேன். போடல. "அம்மா, நீங்க ஹால்லதான இருந்தீங்க. நான் மூணு தடவ கூப்ட்டது உங்களுக்குக் கேட்டிருக்குமே"ன்னுச்சு. "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா"ன்னேன். நான் சொல்றேன், என் காதை மந்தம்னு நானே சொல்றேன்! அது என் மூஞ்சியவே பாத்துச்சு. அப்புறம், "அந்தப் பையன் கை இன்னும் என் கையில இருக்கற மாதிரியே இருக்கும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல, சோறு எறங்கல. என் வீட்டுக்காரரு கேக்கறாரு, டயாலிசிஸ் உனக்கா எனக்கான்னு.

சரி. உன்கிட்ட சொன்னா என்னா, நீ யாரோ நான் யாரோ. பதினொன்னே காலுக்கு மொதல் தடவ கூப்ட்டாங்க. தீபன் அட்டெண்டர் வரவும். நான் எழுந்து ஓடினேன், அது நிஜம். செருப்பு வாரு அறுந்து போச்சு, உதறிட்டு வெறுங்கால்ல ஓடினேன், அதுவும் நிஜம். இதே எடத்துக்கு வந்தேன். இந்தப் பக்கம் சாதாப் படி அப்ப முடியல, நீலத் துணி கட்டி மறைச்சிருந்தாங்க. லிஃப்ட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. இருந்தது இந்த ஓடற படி ஒண்ணுதான்.

நான் அதுக்கு முன்னால கீழ போனதே இல்ல.

அப்படிப் பாக்காத. டீ விக்கிற பொம்பளை ஒருத்தி போயிட்டு வந்து சொன்னா, அதை நான் சொன்னேன். இதுல என்னா தப்பு? ஏசி நிஜம், பெஞ்சி நிஜம். நான் போகல, அவ்ளோதான். இந்தப் படியப் பாரு நீ. தரையிலருந்து அப்படியே பல்லு மொளைச்சு மொளைச்சுக் கீழ போகுது. எங்க காலை வெக்கறது? காலை நீட்டினேன், இழுத்துக்கிட்டேன். நீட்டினேன், இழுத்துக்கிட்டேன். பின்னால வர்றவங்க என்னைத் தள்ளிட்டுத் தள்ளிட்டு எறங்கிப் போறாங்க. எங்க சமையல்கூடத்துல கொதிக்கிற அண்டாவை ஒத்தையில எறக்குவேன் நான். இது முடியல. கண்ணுக்கு எதிர்ல குழி.

அப்ப தலைக்கு மேல, அந்தக் குழாய்ல, டொக் டொக். தீபன் அட்டெண்டர் உடனே வரவும். ரெண்டாவது தடவ.

ஒரு பொண்ணு வந்துச்சு, வெள்ளைக் கோட்டு, டாக்டருக்குப் படிக்கிற புள்ள. நின்னு கேட்டுச்சு. "பாட்டி, பயமா இருக்கா? கையைப் புடிச்சுக்கவா?"ன்னுச்சு. பாட்டியாம். எனக்கு அம்பத்தி மூணு வயசு கண்ணு, எம்பொண்ணுக்கே இன்னும் கல்யாணம் ஆகல. சுர்ருனு வந்துச்சு. "எனக்கென்னா பயம், நான் ஆளுக்காக நிக்கறேன்"னேன். அது சரின்னு எறங்கிப் போயிடுச்சு. நான் அதுகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கீழ செவுத்தோரம் பெஞ்சில ஒருத்தி தூங்கறா, தீபனோட அம்மா, எழுப்பி விடும்மான்னு. சொல்லல. ஏன் சொல்லலன்னு என்னைக் கேக்காத. பாட்டின்னு கூப்ட்டா யாருக்குத்தான் வாய் வரும்?

மூணாவது தடவயும் இங்க நின்னுதான் கேட்டேன். அப்ப மைக்குல அந்த நர்சுப் பொண்ணு குரலே ஒடைஞ்சுபோச்சு. தீபன் அம்மா வாங்க, தீபன் அம்மா எங்க இருந்தாலும் வாங்கன்னுச்சு. அட்டெண்டர்னு சொல்லல, அம்மான்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் ரோட்டைத் தாண்டி ஓடினேன். யுனிவர்சிட்டிப் பக்கம் நல்ல படி இருக்குன்னு யாரோ சொன்னாங்க. எறங்கி, வழி தெரியாம சுத்தி, அவளைக் கண்டுபுடிச்சப்ப மணி பன்னெண்டு. பையைத் தலைக்கு வெச்சு, வாயைப் பொளந்துட்டுத் தூங்கறா. ஒன்பது நாள் தூக்கம். செருப்பை அழகா ஜோடியா பெஞ்சிக்குக் கீழ விட்டிருந்தா. தொட்டு எழுப்பினேன். கண்ணைத் தொறந்ததும் அவ கேட்ட மொதல் வார்த்தை, "கூப்ட்டாங்களாக்கா?"

"இப்பதான்டி, இப்பதான் கூப்ட்டாங்க"ன்னேன்.

அவ அந்த ஓடற படியில, அது ஓடறது பத்தாதுன்னு அது மேல இவ ஓடினா, வெறுங்கால்ல. நான் அவ செருப்பை எடுத்துக்கிட்டு மறுபடி அந்தப் பக்கம் படியேறி, ரோட்டைத் தாண்டி வந்தேன்.

இப்பச் சொல்லு. நான் என்னா செய்யணும்? அவ வாரத்துக்கு ஒரு தடவ எனக்கு போன் பண்றா. "நீங்க மட்டும் அன்னிக்கு ஓடி வரலன்னா, உசுரு இருக்கறப்ப அவன் கையைக்கூட தொட்டிருக்க மாட்டேன்க்கா"ன்றா. அந்த நர்சு மேல கோவம் இருக்கறதாலதான் அவ எழுந்து வேலைக்குப் போறா. அதைப் புடுங்கிட்டா அவ யாரைக் கோவிப்பா? என்னை. இல்ல, தன்னையே கோவிச்சுப்பா, தூங்கப் போனேனேன்னு. அது இதைவிட மோசம். நான் அவ நல்லதுக்குத்தான்... நல்லதுக்குத்தான் யோசிக்கிறேன். அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, வேற ஆஸ்பத்திரியில சேந்துக்கும். சேந்துக்காதா? மனு இருந்தா எடுப்பாங்களா? தெரியல. உனக்குத் தெரியுமா?

போன வாரம் போன்ல, "அக்கா, உங்க காலு எத்தனாம் நம்பரு?"ன்னு கேட்டா. எதுக்குடின்னேன். "எனக்காக ஓடின காலுக்கா அது. செருப்பு அறுந்து வெறுங்கால்ல ஓடியாந்தீங்க. நானே ஒரு ஜோடி தைக்கிறேன்"ன்னா. ஏழுன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு.

இரு இரு. அந்தத் தலை. ஆமா, அவதான். மொதல்ல தலை தெரியுது பாரு, அப்புறம் மூஞ்சி, அப்புறம் பை. எளைச்சுப் போயிட்டா. நீ போயிடாத கண்ணு. கொஞ்ச நேரம் பக்கத்துல இரு, உனக்குப் புண்ணியமாப் போவும்.

வாடி ஜெகதா. வா. சாப்ட்டியா? என்னாடி இப்படி ஒட்டிப்போச்சு கன்னம். இவங்களா? அம்மாவுக்கு ஸ்கேன், தம்பிக்காக உக்காந்திருக்காங்க, சும்மா பேசிட்டிருந்தோம். ஐயோ, செருப்புப் பொட்டிய எதுக்குடி இங்கயே பிரிக்கிற, வீட்ல போய்ப் போட்டுக்கறேன். கீழ உக்காராத, ரோடுடி. விடு காலை. ஜெகதா, விடுன்றேன்ல. சரியாத்தான் இருக்கு. ரொம்ப மெத்துனு இருக்கு. ஏழுதான், ஆமா. கரெக்டா இருக்கு.

மணி என்னா? ரெண்டே முக்கால். போலாம். ரோட்டைத் தாண்டிப் போயிடலாம், வா. என்னா? கீழ வழியாவா? கீழயே அந்தப் பக்கம் போயிடலாமா... தெரியும், தெரியும்டி, வெயில்தான். ஆமா. எனக்குத்தான் பழக்கமாச்சேன்றியா.

கையை நீட்டிட்டு நிக்கறா பாரு கண்ணு.

ஜெகதா, நில்லு. கால் வெக்காத, இங்க வா. மேல வாடி. எனக்கு இதுல எறங்கத் தெரியாது.

சிரிக்காத. நெசமாத்தான். அன்னிக்கும் தெரியாது. வந்து உக்காரு, சொல்றேன்.